88 நாள் கையெழுத்து

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் சில்டர்ஸ் என்றொரு சின்ன ஊர். அங்குள்ள ‘பேலஸ்’ கட்டடத்தில் ஒரு பெரிய ஓவியம் இருக்கிறது. வயல்வெளியில், வேலைக்கு நடுவே ஐந்து நிமிடம் களைப்பாற உட்கார்ந்ததுபோல 15 இளைஞர்கள். படத்துக்காக அவர்கள் அப்படி உட்காரவில்லை. இறந்த பிறகு ஓவியர் ஜோசோனியா பலைடிஸ் அவர்களை ஒன்றாக உட்கார வைத்தார். 2000 ஜூன் 23 அன்று, முதுகுப்பையோடு ஊர் சுற்றும் பேக்பேக்கர்கள் தங்கும் ஹாஸ்டலாக இருந்த அந்தப் பழைய மரக் கட்டடத்துக்கு ஒருவன் தீ வைத்தான். எச்சரிக்கை மணி ஒலிக்கவில்லை. ஓர் அறையில் ஜன்னலுக்குக் கம்பி. வெளியே போகும் கதவை அடுக்குக் கட்டில் மறித்துக்கொண்டிருந்தது. பிரிட்டன், அயர்லாந்து, நெதர்லாந்து, ஜப்பான், தென் கொரியா என்று பல நாடுகளிலிருந்து வந்தவர்களோடு ஆஸ்திரேலியர்களும் செத்துப்போனார்கள். அக்கம்பக்கத்துத் தோட்டங்களில் காயும் பழமும் பறித்து, அந்தக் காசில் ஊர் சுற்றலாம் என்று வந்தவர்கள் அங்கே நிறையப் பேர்.

ஊர் சுற்றிக்கொண்டே வேலை செய்வது ஆஸ்திரேலியாவில் ஒரு விசா வகை. 1975இல் பிரிட்டன், கனடா, அயர்லாந்து இளைஞர்களுக்காகத் தொடங்கியது. 18 முதல் 30 வயது வரை, சில நாட்டினருக்கு 35 வரை, ஓராண்டு தங்கலாம். கைச்செலவுக்கு வேலை பார்க்கலாம். அதுவரை யாருக்கும் மறுப்பு இல்லை. சிக்கல் 2005 நவம்பரில் நுழைந்தது. நகரங்களுக்கு வெளியே, தோட்டத்திலோ பண்ணையிலோ மூன்று மாதம், அதாவது 88 நாள் வேலை செய்தால் இரண்டாம் ஆண்டும் தங்கலாம் என்றது அரசு. 2019இல் இன்னொரு படி: ஆறு மாதம் உழைத்தால் மூன்றாம் ஆண்டு. பழம் பறிக்க உள்ளூரில் ஆள் கிடைக்காத தோட்டக்காரர்களுக்கு இது வரப்பிரசாதம். ஆனால், விடுமுறைக்கு வந்த பையனும் பெண்ணும் அன்றிலிருந்து நாள் எண்ண ஆரம்பித்தார்கள்.

வேலை எப்படி என்று கிட்டப்போய்ப் பார்க்கலாம். ஆப்பிள் என்றால், தோளில் மாட்டிய பை நெஞ்சுக்கு முன்னால் தொங்கும். ஏணியில் ஏறி, பழத்தை உள்ளங்கையில் ஏந்தி, மேல்நோக்கி ஒரு திருகு. வெடுக்கென்று இழுத்தால் காம்பு பிய்ந்துவிடும். இல்லாவிட்டால் அடுத்த ஆண்டு பூக்க வேண்டிய கணுவும் சேர்ந்து கையோடு வந்துவிடும். பை நிறைந்ததும் இறங்கி, குனிந்து, பையின் அடிவாயை அவிழ்த்து, பெரிய பெட்டிக்குள் பழத்தை மெல்ல வழியவிட வேண்டும். கொட்டினால் கன்றிப்போகும், கன்றிய பழத்துக்குக் கூலி இல்லை என்று மேற்பார்வையாளர் அங்கேயே நிற்பார். பெட்டி ஒன்று சுமார் 400 கிலோ பிடிக்கும். அது நிறைந்தால்தான் கணக்கில் ‘ஒன்று’.

குயின்ஸ்லாந்தின் டல்லி ஊர்ப் பக்கம் வாழைத்தோட்டம். அங்கே பெய்யும் மழைக்குப் பெருமை சேர்க்க, 1950இல் பெய்த 7.9 மீட்டர் மழையின் அளவுக்கே உயரமாகத் தங்க நிற பூட்ஸ் ஒன்றை ஊருக்குள் நிறுத்தியிருக்கிறார்கள். அந்தச் சேற்றில் ஒருவர் மரத்தை வெட்டிச் சாய்க்க, தார் கீழே நிற்பவரின் தோளில் இறங்கும். 50 கிலோவைத் தாண்டும் தார்களும் உண்டு. மாரி செல்வராஜின் ‘வாழை’ படம் பார்த்தவர்களுக்கு அந்தத் தோள் வலியை விளக்க வேண்டியதில்லை.

உடம்பு நோவு இரண்டு வாரத்தில் பழகிவிடும். பழகாதது மற்றொன்று. ‘வேலை தரும் ஹாஸ்டல்’ என்று பெயர் வாங்கிய விடுதிகளில், மறுநாள் யார் யாருக்கு வேலை என்பது முந்தைய நாள் சாயங்காலம் சுவரில் ஒட்டும் தாளில்தான் தெரியும். பெயர் இருந்தால் விடியற்காலை வேன் ஏறலாம். இல்லாவிட்டால் கட்டிலில் படுத்துக் கிடக்கலாம். மழை பெய்தாலும், பழம் பழுக்காவிட்டாலும் வாடகை மட்டும் வாரம் தவறாமல் ஓடும். தங்குமிடமும் வேனும் வேலையும் ஒரே கையில் இருக்கும் இடத்தில், வாடகையைக் கேள்வி கேட்டவர் பெயர் நாளைக்குத் தாளில் இருக்குமா? மலேயாவிலும் இலங்கையிலும் ‘கங்காணி’ என்று நம் மூதாதையர் ஒரு சொல்லைப் பழக்கிக்கொண்டது எதற்காக என்பது இங்கே விளங்கும்.

குயின்ஸ்லாந்துக்கும் இந்தக் கதை புதிதல்ல. 1863 முதல் நாற்பது ஆண்டுகளில் பசிபிக் தீவுகளிலிருந்து சுமார் 62,000 பேரை, பலரை ஏமாற்றியும் கடத்தியும், கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டுவந்தது அதே மண்தான்.

ஒரு வேறுபாட்டை மறுக்கக் கூடாது. பேக்பேக்கர் தானாக வந்தவர். பிடிக்காவிட்டால் விமானம் ஏறலாம். உண்மைதான். ஆனால் 60ஆவது நாளில் நிற்பவருக்கு விமானம் ஏறுவது அவ்வளவு எளிதா? நாளுக்கு அத்தாட்சி தோட்டக்காரர் தரும் சம்பளச் சீட்டும் கையெழுத்தும். கூலியைக் குறைத்தால், மரியாதையில்லாமல் பேசினால், ஏன், மேலே கை வைத்தால்கூட, இன்னும் 28 நாள்தானே என்று பல்லைக் கடிக்க வைப்பது அந்தக் கையெழுத்துதான். நல்ல முதலாளிகள் ஏராளம். ஆனால், கெட்ட முதலாளியின் கையிலும் அரசே ஒரு சாட்டையைக் கொடுத்துவைத்திருக்கிறது என்பதுதான் குறை.

2016இல் மியா அய்லிஃப் சங் என்ற பிரிட்டிஷ் பெண் 88 நாளை முடிக்க ஹோம் ஹில் என்ற ஊருக்குப் போனார். போன சில நாட்களில் ஹாஸ்டலில் சக விருந்தாளி ஒருவரால் குத்திக் கொல்லப்பட்டார். கொலைக்கும் பண்ணைக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனால், மகள் எங்கே தங்கினாள், அந்த இடத்தை யார் சோதித்தார்கள் என்று கேட்கக் கிளம்பிய தாய் ரோஸி அய்லிஃப், இந்த விசாவின் அடித்தளத்தையே தோண்டிப் பார்த்தார். பண்ணைகளையும் விடுதிகளையும் முறையாகக் கண்காணிக்கக் கோரும் அவருடைய பிரச்சாரம் அங்கிருந்துதான் பிறந்தது.

கூலி விஷயத்தில் மாற்றம் வந்திருக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும். பெட்டிக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்ற துண்டுக் கூலியில் நாள் முழுக்க உழைத்தும் மணிக்கு 3 டாலர் தேறியவர்களின் கதைகள் தொழிற்சங்க ஆய்வுகளில் பதிவாயின. 2021 நவம்பர் 3 அன்று அந்நாட்டின் நியாயப் பணி ஆணையம், எத்தனை பெட்டி பறித்தாலும் குறைந்தபட்ச மணிக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று தீர்ப்பளித்தது. 2022 ஏப்ரல் இறுதியில் அது நடைமுறைக்கு வந்தபோது தற்காலிகத் தொழிலாளிக்கு அந்த அளவு மணிக்கு 25.41 டாலர். அதே நவம்பர் 3இல் உயர் நீதிமன்றம் இன்னொரு கதவையும் திறந்தது. பேக்பேக்கர்களிடம் முதல் டாலரிலிருந்தே 15 சதவீதம் வரி பிடிப்பது, பிரிட்டனோடு செய்துகொண்ட வரி ஒப்பந்தத்துக்கு விரோதம் என்று கேத்தரின் ஆடி என்ற பெண்ணின் வழக்கில் சொன்னது. ஓட்டலில் பரிமாறும் வேலை பார்த்தவர் அவர்.

சட்டம் வந்துவிட்டது, கையெழுத்து அப்படியே இருக்கிறது. குறைந்த கூலி தருபவர் மீது புகார் செய்தால் நாள் போச்சு என்று பயப்படுபவருக்கு 25 டாலர் தாளில் மட்டும்தான் இருக்கும். தோட்டக்காரர்களின் பதிலும் கேட்கத் தக்கது: பழம் காத்திருக்காது, பெரிய சூப்பர் மார்க்கெட்டுகள் விலையை ஏற்றித் தருவதில்லை, ஆள் இல்லாவிட்டால் விளைச்சல் மரத்திலேயே அழுகும். நெருக்கடி உண்மை. அதைத் தீர்க்கும் பொறுப்பை இருபத்திரண்டு வயது சுற்றுலாப் பயணியின் விசா தலையில் கட்டுவதுதான் அநியாயம். 2023இல் மார்ட்டின் பார்க்கின்சன் தலைமையிலான குடிவரவு ஆய்வுக் குழு, இந்த விசாவை ஓராண்டோடு நிறுத்துவது பற்றி யோசிக்கச் சொன்னது. அரசு இன்னும் அந்தப் பக்கம் போகவில்லை.

ஆனால், ஒரு நாட்டுக்கு மட்டும் கட்டை அவிழ்த்துவிட்டது. 2024 ஜூலை 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் ஒருநாள்கூடத் தோட்டத்தில் கால் வைக்காமல் மூன்று ஆண்டும் தங்கலாம். இரு நாட்டு வர்த்தக ஒப்பந்தத்தில் பேரம் பேசிப் பெற்ற சலுகை அது.

அதே ஆண்டு அக்டோபரில்தான் இந்தியர்களுக்கு இந்த விசாத் திட்டத்தின் கதவு முதன்முதலாகத் திறந்தது. ஆண்டுக்கு 1,000 பேர், குலுக்கல் முறை, குலுக்கலில் பெயர் பதிய 25 ஆஸ்திரேலிய டாலர். முதல் இரண்டு வாரத்தில் மட்டும் சுமார் 40,000 பேர் பெயர் கொடுத்தார்கள். குலுக்கலில் தேறியவர்கள் இரண்டாம் ஆண்டு வேண்டுமென்றால் 88 நாள் எண்ணியாக வேண்டும்.

இந்தியாவுக்கு இந்த 1,000 இடங்களைத் தந்ததும் ஒரு வர்த்தக ஒப்பந்தம்தான்; 2022 டிசம்பரில் அமலுக்கு வந்தது. ஆஸ்திரேலிய ஆரஞ்சும் பாதாமும் எத்தனை டன் வரை என்ன வரியில் இந்தியாவுக்குள் வரலாம் என்று அதில் விவரமாக எழுதியிருக்கிறது. அதை விரிவாக்கும் அடுத்த ஒப்பந்தத்துக்கான பேச்சு டெல்லிக்கும் கான்பெராவுக்கும் நடுவே நடந்துவருகிறது. பிரிட்டன் கேட்டு வாங்கியதை இந்தியத் தரப்பும் அந்த மேசையில் கேட்கலாம். ஆரஞ்சைப் பற்றி எப்படியும் பேசத்தான் போகிறார்கள்.