பொய்த் தீயும் மெய்க் கண்ணும்

தீ சுடும் என்பதைச் சிறு குழந்தையும் அறியும். ஆனால் சுடாத தீயும் ஒன்று உண்டு. அது கணினித் திரையில் எரியும் தீ. போட்டோஷாப், கிம்ப் போன்ற மென்பொருள்களைக் கொண்டு எந்தப் படத்திலும் தீச்சுடரை மெய்போல எழுப்பிவிடலாம். "பொய்யைப் பயிலும் கலை மாணவியருக்கு எதற்கு?" எனப் பெரியோர் சிலர் வினவுவர். அன்புத் தோழியரே, முறையாகப் பயின்றால் அக்கலையே பொய்யை இனங்காணக் கற்றுத்தரும் என்பது என் கருத்து.

போட்டோஷாப்பில் சுடர் வரையத் தனிக் கட்டளையே இருக்கிறது. ஆனால் அதை மட்டும் நம்பி வரைந்த தீ, ஒட்டவைத்த காகிதப் பூவைப்போலவே தோன்றும். காரணம், நாம் மெய்யான சுடரை உற்று நோக்குவதில்லை. மெழுகுவர்த்தி ஒன்றை ஏற்றிப் பாருங்கள். அடியில் நீலம், திரியைச் சுற்றிச் சற்று இருள், அதற்கு மேல் ஒளிமிக்க மஞ்சள். நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே அந்த மஞ்சள். சூடான காற்று மேலெழுவதால் சுடர் கூம்பாக நீள்கிறது. விண்கலத்தில் நடத்திய சோதனைகளில் அது ஏறக்குறைய உருண்டையாகவே எரிந்தது! மைக்கேல் பாரடே என்ற அறிஞர் இலண்டனில் இளையோருக்கு ஒரு மெழுகுவர்த்தியைக் கொண்டே வேதியியலை விளக்கினார். அவ்விரிவுரைகள் 1861-இல் நூலாக வெளிவந்தன.

மென்பொருளும் இந்த அறிவியலையே பின்பற்றுகிறது. போட்டோஷாப்பில் 'பிளாக் பாடி' என்றொரு வண்ண வரிசை உண்டு. கருமை, செம்மை, மஞ்சள், வெண்மை என அது செல்லும். இயற்பியலில் வரும் கரும்பொருள் சூடேறச் சூடேற நிறம் மாறுவதை ஒட்டியே அதற்கு அப்பெயர். சுடர் வரைந்த லேயரை 'ஸ்கிரீன்' முறையில் வைத்தால் கருமை மறைந்து, ஒளி மட்டும் கீழுள்ள படத்தோடு கூடும்.

எனினும் தீயை மெய்யாக்குவது தீ மட்டுமன்று. அதன் ஒளி படும் பொருள்களே. பாரிஸ் நகரின் லூவர் அருங்காட்சியகத்தில், பதினேழாம் நூற்றாண்டு ஓவியர் ஜார்ஜ் டி லா தூர் வரைந்த 'தச்சர் புனித சூசை' என்ற ஓவியம் உள்ளது. அதில் பாலன் இயேசு ஏந்திய சுடரின் ஒளி, அவர் விரல்களின் ஊடே செந்நிறமாய்க் கசிகிறது. சூசையப்பரின் நெற்றியிலும் படிகிறது. இதை ஒருமுறை உணர்ந்தவள், எரியும் வீட்டின் படம் எதைக் கண்டாலும், "எதிர்ச்சுவரில் ஒளி படிந்துள்ளதா? நிழல் எப்பக்கம் விழுகிறது?" என்று கேட்பாள்.

இக்கேள்விகள் இன்று மிகவும் தேவை. 2023 மே 22 அன்று, அமெரிக்காவின் பென்டகன் அருகே வெடிப்பு நிகழ்ந்ததாகக் கரும்புகையுடன் ஒரு பொய்ப்படம் பரவியது. பங்குச் சந்தையே சிறிது நேரம் சரிந்தது. அப்படி எதுவும் நிகழவில்லை என்று அவ்வூர்த் தீயணைப்புத் துறை அறிவிக்க வேண்டியதாயிற்று. பொய்ப்படங்கள் நாளுக்கு நாள் நுட்பமாகி வருவதால் கண் மட்டும் போதாது. யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று வினவும் அறிவும் வேண்டும்.

பெந்தகோஸ்து வாழ்த்து அட்டையில் அக்கினி நாவுகளை அழகுற வரைவது கலை. அயலார் வீட்டுப் படத்தில் தீ மூட்டிச் செய்தியெனப் பரப்புவது பாவம். இரண்டுக்கும் கருவி ஒன்றே. வேறுபாடு நம் நெஞ்சில் இருக்கிறது. ஆதலின் தோழியரே, தீயை வரையக் கற்போம். அதனால் எவரையும் சுடாதிருப்போம்!

— பத்தாம் வகுப்பு மாணவி