ஒரு வார்த்தை கேளுங்க, டாக்டர்!

அரசு ஆஸ்பத்திரியில் பயிற்சி டாக்டர் தையல் போட வந்தால், "ஐயோ, சின்னப் பிள்ளையா இருக்கே! பெரிய டாக்டரைக் கூப்பிடுங்க" என்று எங்கள் தாம்பரம் பக்கத்துப் பெண்கள் பலர் கையை இழுத்துக் கொள்கிறார்கள். எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பிந்தைய ஒரு வருடப் பயிற்சியில், 2021 விதிப்படி பொது அறுவை சிகிச்சைப் பிரிவுக்கு 6 வாரம்தான். அதற்குள் தையல், கட்டு எல்லாம் கை பழக வேண்டாமா? நாளைக்கு கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் தனியாக நிற்கப் போவதும் இவர்கள்தானே!

அதற்காக, ஏழைதானே என்று கேட்காமல் ஊசியை எடுப்பதும் நியாயமில்லை. "அம்மா, நான் பயிற்சி டாக்டர். சீனியர் பக்கத்திலேயே இருக்கார். தையல் போடட்டுமா?" என்று கேட்டால் எந்தத் தாய் மறுப்பாள்? மரியாதையையும் அந்த 6 வாரத்திலேயே பழக்கி விடுங்களேன்!

- ஓர் இல்லத்தரசி, கிழக்கு தாம்பரம்.