தாய் கற்றுத் தந்த தையலுக்குக் கூலி கிடையாதா?

சின்னசேலம் பஸ் நிலையத்தில் போன மாதம் நான் கண்ட காட்சி இது. திருப்பூருக்கு ஆள் பிடிக்க வந்த ஏஜெண்டு ஒருவர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பெண்களின் பெயர்களை எழுதிக் கொண்டிருந்தார். மக்காச்சோளக் காட்டில் வேலை ஓய்ந்த நேரம். பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி தாயோடு வந்து நின்றாள்.

"தையல் தெரியுமா பாப்பா?"

"தெரியும்ணா. எங்கம்மாகிட்ட கத்துக்கிட்டது. கையாலயும் தைப்பேன், மிஷின்லயும் தைப்பேன்."

"சர்டிபிகேட் இருக்கா?"

"இல்லண்ணா."

"அப்ப கைமடிதான். டெய்லர் சம்பளமெல்லாம் கெடையாது. ஆறு மாசம் போகட்டும், பாக்கலாம்."

தாய் ஒன்றும் பேசவில்லை. அவள் தோளில் தொங்கிய பை, பல வண்ணத் துண்டுத் துணிகளை ஒட்டுப் போட்டுத் தைத்தது. ஒரு தையல்கூடப் பிசகவில்லை. அந்தப் பையை விடப் பெரிய சர்டிபிகேட் எந்த சர்க்கார் ஆபீசில் கிடைக்கும்? ஆனால் ஏஜெண்டின் கண்ணுக்கு அது தெரியவில்லை. தெரியாதது போல் இருந்தால்தானே அவருக்கு லாபம்!

நம் வீட்டுப் பெண்கள் தையலை எப்படிக் கற்கிறார்கள் என்பது நமக்குத் தெரியாததல்ல. என் தாய் நடவுக்குப் போய் வந்து, கஞ்சி காய்ச்சி, எங்களுக்கு ஊற்றிவிட்டு, மண்ணெண்ணெய் விளக்கடியில் உட்காருவாள். கிழிந்த சேலைகளை நான்கு மடிப்பாக விரித்து, ஓட்டுத் தையலாக வரிவரியாகத் தைத்துக்கொண்டே போவாள். மார்கழியில் கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் குளிருக்கு அதுதான் எங்கள் கம்பளி. என் அக்காளுக்கு ஏழு வயதில் ஊசியைக் கையில் கொடுத்தாள். கூட உட்கார்ந்து நானும் கற்றுக்கொண்டேன். "ஆம்பளப் பையனுக்கு எதுக்குடி ஊசி?" என்று என் மாமா கேட்டது இன்றும் நினைவிருக்கிறது. இன்று கட்சி ஊழியனாக ஊர் ஊராகச் சுற்றும்போது என் சட்டைப் பொத்தானை நானே தைத்துக்கொள்கிறேன். சில தோழர்கள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும், அவர்கள் சட்டைக்குப் பொத்தான் தைக்க வீட்டில் ஒரு ஆள் இருக்கிறாள்.

வங்கத்து ஏழைப் பெண்களும் இதையே செய்தார்கள். பழஞ்சேலைகளை அடுக்கி, சேலைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தைப்பார்கள். அதற்குக் காந்தா என்று பெயர். கர்நாடகத்தில் சித்தி இனப் பெண்கள் கந்தல் துணிகளைச் சேர்த்துத் தைக்கும் போர்வைக்குக் கவந்தி என்று பெயர். இன்று பட்டணத்துப் பணக்காரர்கள் இவற்றை வாங்கிச் சுவரில் மாட்டி, "பாட்டியின் கைவண்ணம்" என்று உருகுகிறார்கள். பாட்டி கலைக்காகத் தைக்கவில்லை ஐயா! போர்வை வாங்கக் காசில்லாமல் தைத்தாள்.

முதலாளிகள் வேறொரு பாட்டுப் பாடுகிறார்கள். பெண்களுக்கு இயற்கையிலேயே விரல் லாவகம் உண்டாம், அதனால்தான் பின்னலாடை வேலைக்கு அவர்களை எடுக்கிறார்களாம். இயற்கையா? ஏழு வயதிலிருந்து பத்து வருஷம் தாய் உட்கார வைத்துப் பழக்கிய விரல் அது. ஊசி குத்தி ரத்தம் வந்த விரல். ஒரு தொழிலாளிக்குத் தொழில் கற்றுக் கொடுக்க ஆகும் செலவும் அவனுடைய உழைப்புச் சக்தியின் மதிப்பில் சேரும் என்று மார்க்ஸ் எழுதினார். ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படித்து வந்தவனுக்கு அந்தப் படிப்பைக் கணக்கில் எடுத்து நாலு காசு அதிகம் கொடுக்கிறார்கள். தாயிடம் படித்தவளின் படிப்போ "இயற்கை" ஆகிவிடுகிறது. பயிற்சிக்கு ஒரு காசு செலவில்லாமல் தேர்ந்த தொழிலாளி கிடைக்கிறாள்; அவளை உதவியாள் என்று பதிவேட்டில் எழுதிக்கொள்கிறான். அந்தத் தாய்க்குத் தர வேண்டியதும் சேர்ந்தே முதலாளியின் பெட்டிக்குப் போகிறது.

ஏதோ திருப்பூர்க் கதை என்று நினைக்க வேண்டாம். நம் பக்கத்து அரிசி ஆலைகளில் கிழிந்த சாக்கைக் கோணி ஊசியால் தைக்கும் பெண்களைப் பாருங்கள். சாக்குக்கு இத்தனை என்று கூலி. அவர்களும் தாய்மாரைப் பார்த்துக் கற்றவர்கள்தான். மூட்டை தூக்கும் தோழரின் கூலியை உயர்த்தப் பேச்சுவார்த்தை நடக்கும்போது சாக்குத் தைக்கும் அம்மாளின் கூலியும் கோரிக்கைப் பட்டியலில் இருந்ததா? தோழர்கள் நெஞ்சில் கை வைத்துச் சொல்லட்டும்.

ஊசியைப் பிடித்தவர்களின் கதை உலகெங்கும் ஒன்றுதான். 1863-ல் லண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுப் பெண் இருபத்தாறரை மணி நேரம் இடைவிடாமல் தைத்துவிட்டுச் செத்தாள். இளவரசியைக் கௌரவிக்கும் நடன விருந்துக்குச் சீமாட்டிகளின் உடைகள் தயாராக வேண்டியிருந்தது. அவள் கதையை மார்க்ஸ் "மூலதன"த்தில் பதித்து வைத்தார். 1911-ல் நியூயார்க்கில் கதவைப் பூட்டிய தையல் தொழிற்சாலையில் 146 பேர் தீயில் மாண்டனர். 2013-ல் வங்கதேசத்தில் ராணா பிளாசா இடிந்தபோது ஆயிரத்து நூறு பேருக்கு மேல் மடிந்தனர். நம் தமிழ்நாட்டில் மட்டும் என்ன? 2004-க்குப் பிறகு பத்து வருஷம் தையல் தொழிலாளரின் குறைந்தபட்சக் கூலி திருத்தப்படவில்லை. 2014-ல் சர்க்கார் உயர்த்தி உத்தரவு போட்டதும் முதலாளிகள் கோர்ட்டுக்கு ஓடினார்கள். 2016-ல் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்தே தீர வேண்டும் என்று சொல்ல வேண்டியிருந்தது.

இவ்வளவுக்கும் நடுவில் நம் மலைக்கு அந்தப் பக்கம் நடந்த ஒரு காரியத்தைச் சொல்ல வேண்டும். கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் நடுவே சிட்லிங்கி என்ற பள்ளத்தாக்கு இருக்கிறது, தர்மபுரி மாவட்டம். அங்கே லம்பாடி மக்களின் தாண்டாக்கள் உண்டு. ஒரு காலத்தில் பொதிமாடுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் வாணிபம் செய்த இனம் அது. ரயில் வந்தது, பொதிமாட்டு வியாபாரம் அழிந்தது. வெள்ளையன் 1871-ல் கொண்டு வந்த குற்றப்பரம்பரைச் சட்டம் நாடோடி மக்களைத் திருடர் என்று முத்திரை குத்தியது. உழைத்துப் பிழைக்க மலைப்பக்கம் ஒதுங்கியவர்கள் கூலிக்காரர்களானார்கள். கண்ணாடியும் சோழியும் வைத்துப் பூவேலை செய்த பாவாடைகளை மடித்துப் பெட்டியில் வைத்துவிட்டு மற்றவரைப் போலச் சேலைக்கு மாறினார்கள். பூவேலையும் பெட்டிக்குள் போயிற்று. இரண்டு தலைமுறை ஊசியைத் தொடவில்லை.

1990-களில் அங்கே ஆஸ்பத்திரி தொடங்கிய டாக்டர் தம்பதி ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி. டாக்டர் லலிதா இந்தப் பூவேலையைப் பற்றி விசாரித்தபோது, தாண்டாவில் அது தெரிந்தவர்கள் இரண்டு கிழவிகள்தான் மிஞ்சியிருந்தார்கள். அந்த இருவரும் 2006 வாக்கில் இளம் பெண்களை உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். "போர்கை" என்று சங்கம் பிறந்தது. லம்பாடி மொழியில் பெருமை என்று பொருள். இன்று ஐம்பது அறுபது பெண்கள் அதில் தைத்துச் சம்பாதிக்கிறார்கள். பிழைப்புக்காகத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டிய பெண்களில் சிலராவது வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கூலி பெறுகிறார்கள்.

இதனால் சுரண்டல் ஒழிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. பட்டணத்துச் சந்தை நாளைக்கு முகத்தைத் திருப்பிக்கொண்டால் அவர்கள் பாடு திண்டாட்டம்தான். அறுபது பேருக்குக் கிடைத்தது, லட்சக்கணக்கான தையல் பெண்களுக்கு ஆகாது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே கிழவியின் கையை யாரும் "சர்டிபிகேட் இருக்கா?" என்று கேட்கவில்லை. அவளே வாத்தியார். தைத்த துணிக்கு விலை வைக்கும்போது அவள் சொல்லிக் கொடுத்த வேலைக்கும் சேர்த்தே விலை வைக்கப்படுகிறது.

நாம் கேட்க வேண்டியதும் இதுதான். தையல் தெரியுமா என்பதை மிஷின் முன்னால் உட்கார வைத்துப் பார்க்கட்டும். காகிதத்தைக் கேட்க வேண்டாம். தைக்கத் தெரிந்தவளுக்கு முதல் நாளிலிருந்தே டெய்லர் கூலி வேண்டும். வீட்டுக்கு மூட்டை கொண்டு வந்து பிசிர் வெட்டவும் பொத்தான் தைக்கவும் கொடுக்கிறார்களே, அவர்களும் தொழிலாளிகளே என்று சட்டம் சொல்ல வேண்டும். வீட்டிலிருந்து வேலை செய்வோருக்காக 1996-ல் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனம் 177-ம் நம்பர் உடன்படிக்கையைக் கொண்டு வந்தது. இந்திய சர்க்கார் அதை இன்னும் ஏற்கவில்லை. கேட்பதற்கு நம் சங்கங்களும் இன்னும் உரக்கக் குரல் எழுப்ப வேண்டும்.

நம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. சென்ற மாநாட்டுக்கு எங்கள் பகுதியில் ஊரெல்லாம் கட்டிய செங்கொடிகளைத் தைத்தவர்கள் நான்கு விவசாயத் தொழிலாளிப் பெண்கள். மூன்று இரவு கண் விழித்தார்கள். துணிக்கடைக்குப் பணம் கொடுத்தோம், மைக் செட்டுக்குக் கொடுத்தோம், பந்தல்காரருக்குக் கொடுத்தோம். அவர்களுக்கு ஒரு சால்வை போர்த்தினோம். அதிலும் ஒரு அம்மாள் சால்வையைத் தொட்டுப் பார்த்து, "ஓரம் மடிச்சது சரியில்லையே தோழர்" என்றாள். கணக்குப் பார்க்கும் தோழரிடம் கேட்டேன். "அவங்க நம்ம ஆளுங்கதானே" என்றார். அந்தக் கூலிப் பாக்கியை இந்த மாதக் கிளைக் கூட்டத்தில் முதல் விஷயமாக எழுதிக் கொடுத்திருக்கிறேன்.