ஆசாரிமார் விட்டுச்சென்ற மூன்று கோயில்கள்

கண்டி மாநகருக்கு யாத்திரை செல்லும் நம்மவருள் பெரும்பாலோர் காணும் காட்சிகள் ஒரு சிறு வட்டத்துள் அடங்கிவிடுகின்றன. தலதா மாளிகை, அதன் முன்னுள்ள வாவி, கட்டுக்கலைச் செல்வ விநாயகர் ஆலயம், பேராதனைப் பூந்தோட்டம் என்பவற்றைக் கண்டதும் கண்டியைக் கண்டுவிட்டோம் என்ற நிறைவோடு புகையிரதம் ஏறுகின்றனர். கண்டியிலிருந்து கொழும்பு செல்லும் பெருந்தெருவில் ஏறத்தாழ 12 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பிலிமத்தலாவையில் இறங்கி, தென்புறமாகப் பிரியும் கிளைத்தெருவில் திரும்புவோர் மிகச் சிலரே. அத்தெருவின் வழியே, வயல்களுக்கும் குன்றுகளுக்குமிடையே, ஒன்றுக்கொன்று நடைதூரத்தில் மூன்று கோயில்கள் உள்ளன. கடலாதெனிய, இலங்காதிலகம், எம்பெக்கே என்பன அவற்றின் பெயர்கள். தமிழ் வாசகர் இம்மூன்றையும் ஒருமுறையேனும் காணவேண்டும் என்பதற்குக் காரணம் உண்டு. அதனையே இவ்வாரம் எழுதப் புகுந்தோம்.

பதினான்காம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிங்கள அரசின் தலைநகர் கம்பளையாக இருந்தது. அங்கு நாலாம் புவனேகபாகு மன்னன் ஆட்சி புரிந்த காலத்தில், 1344ஆம் ஆண்டில், கடலாதெனிய விகாரையும் இலங்காதிலக விகாரையும் எழுந்தன. அதே ஆண்டில்தான் மொரோக்கோ நாட்டு யாத்திரிகரான இப்னு பதூதா நம் தீவுக்கு வந்தார். யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்தியைப் புத்தளத்திலே சந்தித்து, அம்மன்னனின் உதவியோடு பாவாதமலைக்குச் சென்றார். வடக்கிலே ஆரியச்சக்கரவர்த்திகளும் தெற்கிலே கம்பளை மன்னரும் வலிமையிற் போட்டியிட்ட காலம் அது. சில ஆண்டுகளில் அப்போட்டி போராகவே மூண்டது. அத்தகைய காலத்திற் கம்பளை நாட்டில் எழுந்த இரு பெரும் பௌத்த ஆலயங்களையும் அமைத்த தலைமைச் சிற்பிகள் யாவர் எனக் கேட்டால், விடை வியப்பளிப்பதாகும்.

கடலாதெனியவை அமைப்பித்தவர் தர்மகீர்த்தி என்னும் மகாதேரர். இவர் கடல் கடந்து சென்று, ஆந்திர நாட்டின் தானியகடகத்தில், அதாவது இக்காலத்து அமராவதியில், சிதைந்திருந்த பௌத்த ஆலயம் ஒன்றைப் புதுப்பித்தவர் எனச் சாசனம் கூறுகின்றது. விகாரை நிற்கும் பாறையிலேயே பொறிக்கப்பட்டுள்ள அச்சிங்களச் சாசனம், கட்டடப் பணிக்குத் தலைமை தாங்கியவர் கணேஸ்வராச்சாரி என்றும் குறிப்பிடுகின்றது. அவர் தென்னாட்டுச் சிற்ப மரபில் வந்தவர் என்பதற்குப் பெயரினும் பெரிய சான்று அவருடைய கைவண்ணமேயாகும். கருங்கல்லாலான அடித்தளத்தின் வரிவரியான அமைப்பும், மண்டபமும், அதனையடுத்த கருவறையும், அதன்மேல் எழும் சிகரமும் நம் ஊர்ச் சிவாலயங்களைக் கண்டு பழகிய கண்களுக்குச் சற்றும் அந்நியமாகத் தோன்றா. உள்ளே நோக்கினால் மகர தோரணத்தின் கீழ்ப் புத்தபெருமான் தியானத்தில் வீற்றிருக்கின்றார். அருகிலே திருமாலுக்கும் தனிக் கோயில் உண்டு. கட்டடத்தின் அடிப்புறத்தில் ஆடுவோரும் முழவு கொட்டுவோரும் சிறு சிறு உருவங்களாக வரிசை பிடித்து நிற்கின்றனர்.

விசயநகரப் பேரரசு தோன்றியது 1336ஆம் ஆண்டிலாகும். அதன் பின் எட்டே ஆண்டுகளில் இக்கோயில் எழுந்துவிட்டது. ஆதலின், இதனை விசயநகரக் கலையின் சாயல் என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. பாண்டிய நாட்டில் முதிர்ந்து, பின்னர் விசயநகரத்திலே புதுப்பொலிவு பெற்ற ஒரு கலை, இடைவழியிற் கண்டி மலைச்சாரலில் வந்து தங்கிய இடம் இது என்று கொள்வதே தகும்.

நிற்க. கடலாதெனியவிலிருந்து சற்றுத் தொலைவில், பரந்த கற்பாறை ஒன்றின் உச்சியில் இலங்காதிலகம் வெண்ணிறமாக விளங்குகின்றது. இதனைக் கட்டுவித்தவர் மன்னனின் அமைச்சரான சேனாலங்காதிகாரர். கட்டியவர் ஸ்தபதிராயர். கருங்கல் அடித்தளத்தின்மேற் செங்கல்லால் எழுப்பப்பட்ட இது ஆதியில் நான்கு மாடங்கள் கொண்டிருந்தது என்பர். நடுவே புத்தபெருமானின் திருவுருவம். அக்கருவறையைச் சூழ்ந்த சுவரின் மாடங்களில் விஷ்ணு, சமன், விபீடணன், கணபதி, கந்தன் ஆகிய தேவர்கள் எழுந்தருளியுள்ளனர். கிழக்கு வாயிலாற் புகுவோர் புத்தரை வணங்குகின்றனர். மற்றைய பக்கங்களில் வருவோர் தேவர்களை வணங்குகின்றனர்.

இக்கோயிலின் பாறையிலே சிங்களத்திற் பொறித்த சாசனமும் உண்டு. தமிழிற் பொறித்த சாசனமும் உண்டு. ஒரு பௌத்த விகாரைக்கு வழங்கிய நிலமும் மானியமும் பற்றிய செய்தியைத் தமிழிலும் எழுதிவைக்க வேண்டிய தேவை அன்று இருந்தது என்றால், அதனைப் படிப்போரும், அதன்படி ஒழுக வேண்டியோரும் அந்நாட்டில் இருந்தனர் என்பதே பொருள். கல்லில் எழுத்து வெட்டுவது எளிய காரியம் அன்று. படிப்பதற்கு ஆளில்லாத மொழியில் எவரும் பாறையைச் செதுக்கார்.

இரண்டு கோயில்களையும் ஒப்பிட்டு நோக்குவோர் மற்றோர் உண்மையையும் உணரலாம். சோழ பாண்டிய நாடுகளின் வெயிலுக்கு ஏற்ற தட்டையான கற்கூரை, இரு பருவக் காற்றுகளின் மழையையும் ஏற்கும் மலைநாட்டுக்கு முற்றும் ஏற்றதன்று. கல்லோடு கல் சேரும் பொருத்துகளே நீர் கசியும் வாயில்களாகிவிடும். இலங்காதிலகத்தின் மேல்மாடங்கள் சிதைந்தபின், எஞ்சிய பகுதியைக் காத்து நிற்பது பிற்காலத்தார் அமைத்த சரிவான ஓட்டுக்கூரையே. தெற்கிலிருந்து வந்த ஸ்தபதியின் சுவருக்கு மலைநாட்டுத் தச்சனின் கூரை குடை பிடிக்கின்றது. இவ்விரண்டில் எதனை நீக்கினாலும் கோயில் இல்லை.

அந்தத் தச்சனின் திறமையை முழுமையாகக் காணவேண்டுமாயின் எம்பெக்கேக்குச் செல்லவேண்டும். மூன்றாம் விக்கிரமபாகுவின் காலத்தில் (1357–1374) தோன்றியதெனக் கூறப்படும் இத்தேவாலயம் கதிர்காமக் கந்தனுக்கு உரியது. தோல்நோயால் வருந்திய மேளகாரன் ஒருவன் கதிர்காமத்தில் வேண்டிக் குணமடைந்தான் என்றும், ஆண்டுதோறும் அங்கு சென்று வந்த அவனுக்கு முதுமையில் நடை தளர்ந்தபோது முருகனே அவன் ஊருக்கு அண்மையில் வெளிப்பட்டருளினான் என்றும் தலவரலாறு கூறும். முருகனடியார் எவருக்கும் உள்ளம் கனியவைக்கும் கதை இது.

தேவாலயத்தின் முன்னே முரசறையும் மண்டபம் ஒன்று உள்ளது. அதன் மரத்தூண்களே எம்பெக்கேயின் புகழுக்குக் காரணம். ஒவ்வொரு தூணிலும், சதுரமான பரப்புகளில், ஒன்றைப்போல் ஒன்றில்லாத உருவங்கள்: பிள்ளைக்குப் பாலூட்டும் தாய், கட்டிப் புரளும் மல்லர், குதிரை வீரன், கழுத்துப் பின்னிய அன்னங்கள், இருதலைப் பறவையாகிய கண்டபேரண்டம், கொடியிலிருந்து பூவாய் மலரும் பெண். அண்ணாந்து பார்த்தால் கூரையின் ஒரு முனையில் 26 கைமரங்கள் விசிறிபோல் வந்து ஒரே மர ஆணியிற் கூடுவதைக் காணலாம். ‘மடொல் குருபாவ’ எனச் சிங்களத்தில் வழங்கும் அவ்வாணி பாரம் முழுவதையும் அமைதியாகப் பிணைத்து நிற்கின்றது.

இத்தூண்களைச் செதுக்கியவர் தெல்மட மூலாச்சாரி என்பது செவிவழி மரபு. கண்டி மாநகரின் வாவியையும் தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தையும் ஸ்ரீ விக்கிரம ராசசிங்கனுக்காக அமைத்தவர் தேவேந்திர மூலாச்சாரி. கடலாதெனியவுக்கு ஒரு கணேஸ்வராச்சாரி. பெயர்களின் ஈற்றில் ஒலிக்கும் ‘ஆச்சாரி’ என்ற சொல்லை நோக்குக. யாழ்ப்பாணத்திலே தேர் செய்பவரையும், தாலி செய்பவரையும் நாம் ஆசாரியார் என்றுதான் அழைக்கின்றோம். அரசர்கள் எல்லை வகுத்துப் போரிட்டபோதும், உளி பிடித்தவர்களின் உலகம் ஒன்றாகவே இருந்தது.

அவ்வுலகம் எவ்வாறு குலைந்தது? கண்டி அரசிற் கைவினைஞர் சேவைக்கு ஈடாக நிலம் பெற்று வாழ்ந்தனர். 1815இல் அரசு வீழ்ந்தது. ஆதரித்த அரசவையும் உடன் மறைந்தது. 1832இல் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டது. மக்கள் கட்டாய ஊழியத்திலிருந்து விடுபட்டது நன்மையே; ஆயினும், கலைஞனைத் தாங்கிய தூணும் அதனோடு சரிந்தது. இச்சரிவைக் கண்டு கலங்கி ஏட்டில் எழுதிவைத்தவர் ஒரு தமிழரின் புதல்வர். சேர் முத்துக்குமாரசுவாமியின் மைந்தர் ஆனந்த குமாரசுவாமி, கனிப்பொருள் ஆய்வுப் பகுதியின் தலைவராக 1903 முதல் 1906 வரை பணியாற்றிய காலத்தில் மலைநாட்டுக் கிராமங்களிற் சுற்றித் திரிந்தார். கல்லை ஆராயச் சென்றவர் கலையை ஆராயலானார். இடைக்காலச் சிங்களக் கலை பற்றி அவர் எழுதிய பெருநூல் 1908இல் வெளிவந்தது. கண்டிக் கைவினைஞரின் வாழ்வையும் தொழிலையும் அறிய விரும்புவோர் இன்றும் அந்நூலையே நாடுகின்றனர்.

இவற்றையெல்லாம் அறியுமிடத்து இரு பிழைகளை நாம் தவிர்க்கவேண்டும். பௌத்த விகாரைதானே, நமக்கென்ன என்று கடந்து செல்வது ஒரு பிழை. தென்னாட்டுச் சிற்பி கட்டினான், ஆகவே இது எங்களுடையது என்று மார்தட்டுவது அதனினும் பெரிய பிழை. கணேஸ்வராச்சாரி கட்டினார், தர்மகீர்த்தி தேரர் கட்டுவித்தார், சுற்றியுள்ள கிராமத்தார் 600 ஆண்டுகளுக்கு மேலாக விளக்கேற்றிக் காத்து வருகின்றனர். மூவருள் எவர் ஒருவர் இல்லையாயினும் நாம் காண்பதற்கு இன்று ஒன்றும் எஞ்சியிராது. பழைமையான இடம் ஒவ்வொன்றையும் காட்டி, இது உன்னுடையதா என்னுடையதா என வழக்காடும் பழக்கம் நம் நாட்டுக்கு விளைத்த துன்பம் போதும்.

அடுத்த பாடசாலை விடுமுறையில் கண்டிக்குச் செல்லும் பெற்றோர்க்கு ஒரு விண்ணப்பம். ஒரு நாளை இம்மூன்று கோயில்களுக்கும் ஒதுக்குங்கள். காலை வெயில் ஏறுமுன் கடலாதெனியவிலே தொடங்கினால், பிள்ளைகள் களைப்பின்றி எம்பெக்கே வரை செல்லலாம். பாதணிகளை வெளியே விடுவதுபோலவே, எம்பெக்கேத் தூண்களைத் தொடும் ஆசையையும் வெளியே விட்டுச் செல்லுமாறு அவர்களுக்குச் சொல்லுங்கள். ஆயிரம் விரல்கள் தடவினால் மரத்தாயின் முகமும் மழுங்கிப்போகும். ஒவ்வொரு பிள்ளையும் தனக்குப் பிடித்த ஓர் உருவத்தைத் தாளில் வரைந்து வரட்டும். கையால் வரைந்ததைக் கண் மறவாது. இலங்காதிலகத்திலோ, தமிழ் எழுத்துள்ள பாறை எது என்று அங்குள்ளோரிடம் கேளுங்கள். சிங்களச் சாசனத்தையும் உடன் காட்டும்படி கேட்பதற்கு மறவாதீர்கள்.