தேவை எது? பரிந்துரை எது?

உப்புக் கேட்டவனுக்கு உப்பளத்தையே வண்டியேற்றி அனுப்பினால் என்னாகும்? கணினியில் ஒரு சிறு மென்பொருளை நிறுவ விழைபவன் பல வேளைகளில் இந்நிலைக்கே ஆளாகின்றான். ஒன்றைக் கேட்க முப்பது வந்திறங்குகின்றன. இதற்குக் காரணம், அம்மென்பொருளைப் பொதியாகக் கட்டியோர் குறித்து வைக்கும் ஒரு சொல்லே.

இலினக்சு இயங்குதளத்தில் மென்பொருள்கள் பொதிகளாகக் கட்டப்பெறுகின்றன. ஒரு பொதிக்குப் பிறிதொரு பொதி துணையாக வேண்டுமாயின், அச்சார்பு அப்பொதியின் குறிப்பிலேயே எழுதப்பெறும். பொதி மேலாளர் என்னும் நிரல் அதனைப் படித்து வேண்டியவற்றைத் தானே கொணரும். 1993-இல் தொடங்கப்பெற்ற தெபியன் திட்டம் இச்சார்பைப் படிகளாக வகுத்துள்ளது. முதற்படி 'தேவை', அஃதின்றி மென்பொருள் பயன்தராது. அடுத்தது 'பரிந்துரை', அரிய சில அமைப்புகள் நீங்கலாக ஏனையவற்றில் உடனிருக்கத் தக்கது. அதனினும் மெலியது 'குறிப்புரை'. இருப்பின் பயன் கூடும், இன்றேல் இழப்பில்லை. தேவையென எழுதப்பெற்றதை நீக்க முனைந்தால், அதனைச் சார்ந்த மென்பொருளும் உடன் நீங்கும். ஏனையவற்றிற்கு அத்தளை இல்லை.

2009-இல் வெளிவந்த தெபியன் 5.0 பதிப்பு முதல், பரிந்துரைகளும் கேளாமலே நிறுவப்பெறுகின்றன. வேண்டா என்பார் கட்டளையில் ஒரு சொற்றொடரைச் சேர்த்து மறுக்கலாம். அங்ஙனம் மறுக்கலாம் என்பதை அறிந்தோர் எத்துணைப் பேர்? ஆர்ச்சு இலினக்சோ விருப்பச் சார்புகளைப் பட்டியலாகக் காட்டிவிட்டு ஒதுங்கி நிற்கும். கொள்வதும் தள்ளுவதும் பயனர் கையில். புதியவர்க்குத் தெபியன் வழியே நல்லது என்பதை மறுப்பதற்கில்லை. துணைப்பொதி இல்லாமையால் ஒரு வசதி வாய்மூடிக் கிடக்க, காரணம் அறியாது திகைப்பவர் அவர்தாமே! ஆர்ப்பிஎம் அமைப்பில் மென்சார்புகள் 2014-இல், 4.12 பதிப்பிலேயே இடம்பெற்றன.

ஆகவே, பரிந்துரை பெருகுதல் பெருங்குற்றமன்று. பரிந்துரையாக நிற்க வேண்டியதைத் தேவையென எழுதுதலே குற்றம். குனோம் திரைச்சூழலுக்குத் தெபியனில் ஒரு தொகுப்புப் பொதி உண்டு. அதனுள் மென்பொருள் ஏதுமில்லை. சார்புகளின் பட்டியலே உண்டு. அப்பட்டியலில் நெட்வொர்க்கு மேனேசர் என்னும் வலைத்தொடர்பு நிரல் 'தேவை' என எழுதப்பெற்றது. அந்நிரல் இன்றியும் திரைச்சூழல் இயங்கும். வேறு வழியில் வலைத்தொடர்பை அமைத்துக்கொண்டு, அந்நிரலை விலக்கி வைத்திருந்தோர் பலர். புதிய பதிப்பிற்கு மாறுங்கால் அவர்கள் அதனை ஏற்க வேண்டும், அன்றேல் தொகுப்புப் பொதியையே இழக்க வேண்டும் என்னும் நெருக்கடி நேர்ந்தது. நன்கு இயங்கிவந்த தொடர்பு அறுபடுமோ என்னும் அச்சம் வேறு! வழக்கு தெபியன் தொழில்நுட்பக் குழுவின் முன் சென்றது. 2012-இல் அக்குழு, பொதியைப் பேணுவோரின் முடிவைத் தள்ளி, அத்தேவையைப் பரிந்துரையாகக் குறைக்குமாறு பணித்தது.