பிள்ளைங்களுக்கு என்ன கைவேலை கொடுக்கலாம்? தோரணத்துல இருந்து ஆரம்பிப்போம்

கொஞ்சம் நீளமான பதிவு. கோயில் இளைஞர் பிரிவை நடத்துறவங்களும், ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்புற பெற்றோர்களும் பொறுமையா படிச்சிட்டு கருத்து சொல்லுங்க.

குவாலா சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் உள்ள நம்ம கோயில்கள்ல வகுப்பு எப்படி நடக்குதுன்னு உங்களுக்கே தெரியும். ஆறு வயசு பாப்பாவும் இருக்கும், எஸ்பிஎம் எழுதப் போற தம்பியும் இருப்பான். வயசு வாரியா பிரிக்க ஆசிரியர்களும் இல்லை, அறைகளும் இல்லை. கோயில் மண்டபம் ஒண்ணுதான். தேவாரம் முடிஞ்சதும் "ஏதாவது கைவேலை செய்ய வைங்க"ன்னு சொல்லுவாங்க. உடனே ஒருத்தர் ரெண்டு வெள்ளி கடைக்குப் போய் ஐஸ்கிரீம் குச்சி, பசை, மினுமினுப்புத் தூள், கலர் பேப்பர் எல்லாம் வாங்கிட்டு வந்துடுவார்.

நடக்கிறது என்ன? சின்னப் பிள்ளைங்க அரை மணி நேரம் சந்தோஷமா ஒட்டும். பதிமூணு வயசுக்கு மேல உள்ள பையன்கள் சுவர் ஓரமா உட்கார்ந்து கைபேசியைப் பார்ப்பாங்க. வகுப்பு முடிஞ்சதும் செஞ்சதுல பாதி குப்பைத் தொட்டிக்குப் போகும், மீதி காருக்குள்ள கிடக்கும். நாலு வாரம் கழிச்சுப் பார்த்தா அந்தப் பெரிய பையன்கள் வர்றதே இல்லை. "இப்போ உள்ள பசங்களுக்கு பக்தி இல்லை"ன்னு நாம பேசிக்கிட்டு இருப்போம்.

இது பக்தி குறைஞ்சதால வந்த பிரச்சினைன்னு நான் நினைக்கல. அவனுக்குன்னு ஒரு வேலை அங்க இல்லை, அவ்வளவுதான். ஆறு வயசுப் பிள்ளைக்குக் கொடுக்கிற குச்சியைப் பதினாறு வயசுப் பையன்கிட்ட நீட்டினா அவன் ஏன் வருவான்? இந்த வயசுல கோயிலை விட்டு விலகுற பையனைக் கூப்பிட்டுப் பக்கத்துல வச்சுக்க வெளியில வேற ஆளுங்க காத்துக்கிட்டு இருக்காங்க. இதுக்கு மேல நான் விளக்க வேண்டியதில்லை.

என் கருத்து இதுதான். வயசுக்கு ஒரு கைவேலைன்னு தேடாதீங்க. எல்லா வயசுக்கும் உள்ளே இடம் இருக்கிற ஒரே வேலையா தேடுங்க. அதுவும் கோயிலுக்கு உண்மையிலேயே தேவைப்படுற வேலையா இருக்கணும்.

முதல் உதாரணம் தோரணம். தென்னங்குருத்தை வெட்டி எடுக்கிறது, கத்தி பிடிச்சு ஈர்க்கைப் பிரிக்கிறது, ஏணியில ஏறிக் கட்டுறது பெரிய பிள்ளைங்க வேலை. மடிக்கிறது, கிளி முடையிறது ஒன்பதுல இருந்து பன்னிரண்டு வயசுப் பிள்ளைங்களுக்கு. அந்த வயசு விரலுக்கு அது சீக்கிரம் வந்துடும். ஓலையைத் துடைக்கிறது, நீளம் பார்த்து அடுக்குறது, பத்துப் பத்தா எண்ணிக் கொடுக்கிறது சின்னதுங்க வேலை. யாரும் சும்மா உட்கார முடியாது. ஏன்னா ஒருத்தர் நிறுத்தினா அடுத்தவருக்கு ஓலை வராது.

குருத்தோலை ஒண்ணு ரெண்டு நாள்ல வாடிடும். அதனால திருவிழாவுக்கு முதல் நாள் சாயங்காலம்தான் செய்யணும். மறுநாள் காலையில சாமி புறப்பாட்டுக்கு அதே தோரணம் தொங்கும். தான் மடிச்ச கிளி எந்தத் தூண்ல இருக்குன்னு ஒவ்வொரு பிள்ளையும் அம்மாவை இழுத்துட்டுப் போய்க் காட்டும். அந்தச் சந்தோஷத்தைக் கோப்பையும் சான்றிதழும் கொடுக்காது. ஒரு விஷயம் மட்டும் கவனம். ஒரே மரத்துல திரும்பத் திரும்ப குருத்தை வெட்டாதீங்க. மரம் நலிஞ்சு போகும், காயத்துல வண்டு ஏறும். இதையும் பிள்ளைங்களுக்குச் சொல்லியே வெட்டச் சொல்லுங்க.

இதை அவசரமா சொல்றதுக்குக் காரணம் இருக்கு. நல்ல காரியத்துக்குக் கட்டுற தோரணம் வேற, துக்க வீட்டுத் தோரணம் வேற. அந்த மடிப்பு வித்தியாசம் தெரிஞ்ச தாத்தாக்கள் இன்னும் எத்தனை பேர் நம்ம பக்கம் இருக்காங்க? பல கோயில்கள்ல இப்பவே பிளாஸ்டிக் தோரணம்தான். தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்துல இருந்த குடும்பங்கள் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் போயாச்சு. முன்னெல்லாம் லயத்து வாசல்லயே பெரியவங்க செய்றதைப் பார்த்து சின்னவங்க கத்துக்கிட்டாங்க. யாரும் வகுப்பு நடத்தல. இப்போ எல்லா வயசும் ஒண்ணா உட்கார்ற இடம்னா கோயில் மண்டபம் ஒண்ணுதான் மிச்சம். அங்கயும் வயசு வயசா பிரிச்சு உட்கார வச்சா கத்துக்கொடுக்க ஆள் எங்க இருந்து வரும்?

ரெண்டாவது, விளக்குமாறு. சிரிக்காதீங்க. நம்மைச் சுத்தி இருக்கிறது முழுக்கச் செம்பனை. இந்த நாட்டுல வணிக முறையில செம்பனை முதன்முதலா நடப்பட்டது 1917-ல், நம்ம பெஸ்தாரி ஜெயா பக்கம் இருக்கிற தென்னமரம் தோட்டத்துல. நட்டவர் ஹென்றி ஃபோகோன்னியே என்ற பிரெஞ்சுக்காரர். தோட்டத்துப் பேரைப் பாருங்க, அப்படியே நம்ம தமிழ். நூறு வருஷத்துக்கு மேல நம்ம ஆளுங்க உழைச்ச மரம் அது. அதோட ஈர்க்குல விளக்குமாறு கட்ட நம்ம பாட்டிகளுக்குத் தெரியும். மட்டையில முள் இருக்கும், அதனால ஓலையை வெட்டித் தர்றது பெரியவங்க வேலை. சீவுறது நடு வயசுப் பிள்ளைங்க, கட்டுக் கட்டா சேர்க்கிறது சின்னதுங்க. தோட்டத்துல கேட்டுட்டுத்தான் ஓலை எடுக்கணும், அதுவும் ஒரு பாடம். கோயிலுக்கு வருஷம் முழுக்க விளக்குமாறு வேணும். காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை.

மூணாவது, அகல் விளக்கு. குவாலா சிலாங்கூர் வட்டாரத்துல மண்பானை செய்யும் நம்ம குடும்பங்கள் இன்னும் இருக்காங்க. கடையில விக்கிற காற்றுல காயும் களிமண்ணை வாங்கி, சாயம் அடிச்சு விளக்குன்னு வச்சா எண்ணெய் ஊறிடும், சாயத்துல தீயும் பிடிக்கலாம். உண்மையான மண்ணுல செய்யுங்க. நிழல்ல பல நாள் மெதுவா காய வைக்கணும். ஈரத்தோட சூளைக்குப் போனா வெடிச்சிடும். பிறகு பானை செய்றவங்ககிட்ட மரியாதையா கேட்டு அவங்க சூளையில வைக்கலாம், அதுக்கு உரிய காசைக் கொடுத்துடணும். சின்னப் பிள்ளைங்க திரி உருட்டட்டும். கார்த்திகை தீபத்துக்கு அந்த விளக்கை ஏத்தலாம்.

வயசு கலந்து வேலை செய்றது நாம புதுசா கண்டுபிடிச்சது இல்லை. 1907-ல் பேடன் பவல் இங்கிலாந்துல பிரவுன்சி தீவுல நடத்துன சாரணர் முகாமுல பையன்களை நாலு அணியா வச்சார், ஒவ்வொரு அணிக்கும் ஒரு மூத்த பையன் தலைவன். 1937-ல் வார்தாவுல காந்தி முன்வச்ச கல்வித் திட்டத்துலயும் பயன்படுற ஒரு கைத்தொழில்தான் நடுவுல இருந்துச்சு. பொழுதுபோக்குக்கு ஒட்டிட்டுத் தூக்கிப் போடுறது அதுல இல்லை.

எதிர்த்துச் சொல்றவங்க இருக்காங்க. "கோயில்ல சமயம் சொல்லிக் கொடுங்க, இதெல்லாம் எதுக்கு?"ன்னு கேக்குறாங்க. தேவாரத்தை நிறுத்தச் சொல்லல. பாடி முடிச்ச பிறகு கிடைக்கிற அந்த ஒரு மணி நேரத்தைப் பத்திதான் பேசுறேன். சாமிக்குக் கட்டுற மாலையும் தோரணமும் தொண்டுதானே?

"பிள்ளைங்க கையில கத்தியா?"ன்னு அம்மாக்கள் பயப்படுறாங்க. அது நியாயமான பயம். கத்தி பதினஞ்சு வயசுக்கு மேல மட்டும், பக்கத்துல ஒரு பெரியவர் கட்டாயம், எத்தனை கத்தி கொடுத்தோமோ அத்தனையும் எண்ணி வாங்கணும். இதை எழுதி ஒட்டிட்டு ஆரம்பிங்க. உளி பிடிச்சுப் பால்மரம் சீவி வளர்ந்த சமூகம் நாம, கூரான பொருளை எப்படிப் பிடிக்கணும்னு சொல்லிக் கொடுக்க நம்மகிட்ட ஆள் இருக்கு.

"போட்டி வச்சா ஆர்வம் வரும்"னு சிலர் சொல்றாங்க. எனக்கு உடன்பாடு இல்லை. போட்டின்னு வந்துட்டா அண்ணன் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க மாட்டான், மறைப்பான். பெற்றோரும் இடையில புகுந்து தாங்களே செஞ்சு கொடுப்பாங்க.

கடைசியா ரெண்டு விதி. ஒண்ணு, சின்னப் பிள்ளை மடிச்சது கோணலா இருந்தாலும் யாரும் பிரிச்சு மறுபடியும் கட்டக் கூடாது. அழகா இருக்கணும்னு நிர்வாகத்துல சொன்னா, கோணலானதை உள்பக்கத் தூண்ல கட்டிக்கலாம். ஆனா கட்டியே ஆகணும். ரெண்டு, பெரிய பையனுக்கு வேலையோட பொறுப்பையும் கொடுங்க. எத்தனை குருத்து வேணும், எவ்வளவு கயிறு, யார் எங்க உட்காரணும்னு அவன் முடிவு பண்ணட்டும். நாம ஓரமா நிப்போம்.

உங்க கோயில்ல தோரணம் கட்டத் தெரிஞ்ச தாத்தா, பாட்டி யாராவது இருந்தா, அடுத்த திருவிழாவுக்கு முதல் நாள் அவங்களுக்கு ஒரு நாற்காலி போட்டு உட்கார வைங்க. கைபேசியில வீடியோவும் எடுத்து வைங்க. ஆனா வீடியோ மட்டும் போதாது, நாலு பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்து மடிச்சுப் பார்க்கணும்.

வேற கோயில்கள்ல என்ன செய்றீங்க? மாலை, கோலம், காவடி அலங்காரம், எதுவானாலும் கீழே எழுதுங்க. நாங்களும் கத்துக்கிறோம்.