லட்சுமியும் கூண்டும்

2022 அக்டோபரில் கெஜ்ரிவால் ரூபாய் நோட்டில் லட்சுமி, விநாயகர் படம் கேட்டார். ‘அம்பேத்கரைப் போடு’ என்று நாம் சொன்னால் மட்டும், ‘நோட்டிலுமா சாதி?’ என்கிறார்கள்.

லட்சுமி யாருங்க? ஒரத்தநாட்டுக் களத்துல நெல்லைத்தான் லட்சுமின்னு கும்புடுறாங்க. அவளை நட்டு அறுத்த எங்க ஆத்தாவுக்கு மரக்கால்லதான் கூலி. அளந்தது ஆண்டை கை. கூலி கூட்டிக் கேட்டுச் சங்கம் வச்சதுக்கு 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் கொளுத்தினார்கள்.

1923லேயே ரூபாயின் சிக்கலை நூலாக்கியவர் அம்பேத்கர். ரிசர்வ் வங்கிக்கு வழி சொன்ன ஹில்டன் யங் கமிஷன் முன் 1925இல் சாட்சியம் சொன்னவர். அவரைக் கேட்டால் சாதி, சாமியைக் கேட்டால் தேசமா?

ஊருக்கு ஊர் அவர் சிலையைக் கூண்டுக்குள்ள பூட்டிட்டீங்க. நோட்டை எப்படிப் பூட்டுவீங்க? சட்டைப்பையில, கல்லாவுல, கோயில் உண்டியல்ல அவரைத் தொட்டே ஆகணும். அதுக்குத்தான் கேட்கிறோம்.